‘சாரி’ சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும்

ஆங்கிலம் படிக்காதவர்களும் நாள்தோறும் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. ‘சாரி’. பாட்டியும் சொல்கிறார், பாலர் பள்ளிக்குப் போகும் பேரனும் சொல்கிறான். மின்தூக்கியில் தோள் இடித்தால் சாரி. தொலைபேசியில் எதிரில் பேசுவது கேட்காவிட்டால் சாரி. கூட்டத்துக்கு 10 நிமிடம் தாமதமாகப் போனால் சாரி. நண்பரின் தந்தை காலமான செய்தி வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு சாரி. நம்பியவருக்குத் துரோகம் செய்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கும்போதும் அதே சாரிதான்.

இந்த ஐந்து இடங்களிலும் தமிழ் ஒரே சொல்லைப் பயன்படுத்தாது. இடித்தவர் ‘தெரியாமல் பட்டுவிட்டது’ என்பார். கேட்காதவர் ‘என்ன சொன்னீங்க?’ என்பார். சாவு வீட்டில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருப்பார்கள். துரோகம் செய்தவர் மட்டுமே மன்னிப்புக் கேட்க வேண்டியவர்.

ஒரு சொல் இத்தனை வேலை பார்ப்பது வசதிதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சொன்னவர் ஒரு பொருளில் சொல்ல, கேட்டவர் இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்ளும்போது. ‘அதான் சாரி சொல்லிட்டேனே, இன்னும் என்ன?’ என்று ஒருவர் கேட்க, ‘நீ எங்கே மன்னிப்புக் கேட்டாய்?’ என்று மற்றவர் கேட்க, பாதி வீட்டுச் சண்டைகள் இந்த இடத்தில்தான் இறுகிப்போகின்றன. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஏனென்றால் சாரி சொல்வதும் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றல்ல.

ஆகவே இந்த வாரம் ‘சாரி’யை அதன் உறவுக்காரச் சொற்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரிக்ரெட், அபாலஜி, எக்ஸ்கியூஸ், பார்டன் என்று அது பெரிய குடும்பம்.

புண்ணிலிருந்து பிறந்த சொல்

‘சாரி’யின் மூலம் பழைய ஆங்கிலத்தில் ‘சாரிக்’ என்பது போல ஒலித்த ஒரு சொல். துன்பப்படுகிற, மனம் நொந்த என்று பொருள். அதன் வேர், இன்று ‘சோர்’ என்று வழங்கும் சொல். தொண்டை வலியைச் ‘சோர் த்ரோட்’ என்கிறோமே, அதே சோர்தான். புண், வலி என்பதுதான் அதன் அடிப்படை. துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்ற சொல்லோடு இதற்குப் பிறப்பு உறவு இருப்பதாகப் பலர் நினைப்பார்கள். ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டும் பொருளில் நெருங்கியதால் காலப்போக்கில் ஒலியிலும் எழுத்திலும் நெருங்கிவிட்டன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ‘சாரி’ சொல்பவர் முதலில் சொல்வது தன் மனநிலையை. ‘எனக்கு வலிக்கிறது’ என்பதுதான் அதன் முதற்பொருள். அந்த வலிக்குக் காரணம் தன் தவறா, பிறர் தவறா, விதியா என்பதை அச்சொல் சொல்வதில்லை. அதனால்தான் சாவு வீட்டிலும் அது செல்லுபடியாகிறது. ஆங்கிலப் படங்களில் ஒருவர் இறந்த செய்தியைச் சொல்லும் மருத்துவர் ‘ஐ எம் சாரி’ என்பார். அதைத் துணைத்தலைப்பில் ‘மன்னிக்கவும்’ என்று போட்டுவிட்டால், மருத்துவரே கொன்றுவிட்டார் போலத் தோன்றும். அங்கே வேண்டியது ‘வருந்துகிறேன்’.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் இந்தப் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. இறந்தவருக்காக ஊரே கூடித் துக்கம் காப்பதை அவர்கள் ‘சாரி பிசினஸ்’ என்கிறார்கள். இந்தச் சொல்வழக்கை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

சிறிய உறவுக்காரர்களை முதலில் பார்த்துவிடுவோம். ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்பது பெரும்பாலும் செயலுக்கு முன்னால் வரும். கூட்டத்தில் வழி கேட்கும்போது, பேசிக்கொண்டிருப்பவர்களின் நடுவே குறுக்கிடும்போது. ‘சாரி’ செயலுக்குப் பின்னால் வரும், காலை மிதித்த பிறகு. முன்னால் சொல்வது அனுமதி, பின்னால் சொல்வது வருத்தம். மலாய்க்காரர்கள் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடந்து போகும்போது ‘தும்பாங் லாலு’. மிதித்துவிட்டால் ‘மாஃப்’. நாமும் ‘கொஞ்சம் வழி விடுங்க’ என்பதையும் ‘மன்னிச்சுக்குங்க’ என்பதையும் மாற்றிச் சொல்வதில்லை.

‘எக்ஸ்கியூஸ்’ லத்தீனில் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பதைக் குறித்தது. அதே சொல் பெயர்ச்சொல்லாக வரும்போது ‘சாக்கு’ ஆகிவிடுகிறது. ‘பார்டன்’ என்பதன் பின்பகுதிக்குக் கொடுப்பது என்று பொருள், முழுமையாகக் கொடுத்துவிடுவது. ‘ஃபர்கிவ்’ என்பதிலும் ‘கிவ்’ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். லத்தீன் சொல்லைப் பார்த்து அதே அச்சில் ஆக்கிய சொல் அது. ஆக, மன்னிப்பு என்பது ஆங்கிலத்திலும் ஒரு கொடை. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். ‘சாரி’யில் அந்த இரண்டாமவர் இல்லவே இல்லை.

வருத்தம் உண்டு, குற்றம் இல்லை

அடுத்து ‘ரிக்ரெட்’. வேலைக்கு மனுப் போட்ட இளையவர்கள் இந்தச் சொல்லை நன்றாக அறிவார்கள். ‘வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ’ என்று தொடங்கும் கடிதத்தில் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. அந்த நிறுவனம் தவறு எதுவும் செய்யவில்லை. உங்களை எடுக்கவில்லை என்பதை மரியாதையோடு சொல்கிறது, அவ்வளவுதான். பழைய பிரெஞ்சில் இந்தச் சொல் இறந்தவருக்காக அழுவதைக் குறித்தது. இன்று அலுவலகக் கோட்டு மாட்டிக்கொண்டு மிகவும் குளிர்ந்த சொல்லாகிவிட்டது.

நம் ஊரில் சாலை தோண்டும் இடத்தில், குழாய் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். ‘செகாலா கெசுலித்தான் அமாட் டிகெசாலி’. எல்லாச் சிரமங்களும் மிகவும் வருந்தப்படுகின்றன என்று சொல்லுக்குச் சொல் பொருள். அதன் இலக்கணத்தைப் பாருங்கள். செயப்பாட்டு வினை. வருந்துவது யார் என்பது வாக்கியத்தில் இல்லை. குத்தகையாளரா, நகராண்மைக் கழகமா, பலகையை எழுதியவரா? யாரும் வருந்தாத வருத்தம் அது. பக்கத்திலேயே கழிவறைக் கதவில் ‘ஹாராப் மாஃப்’ என்று ஒட்டியிருந்தால் அது எவ்வளவோ மேல். மன்னிக்க வேண்டுகிறோம் என்று அது நம்மிடம் பேசுகிறது.

தமிழிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. ‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று எழுதுகிறோம். சிரமம் தானாக ஏற்பட்டதைப் போல. ‘தவறு நடந்துவிட்டது’ என்கிறோம். தவறு நடந்து வந்தா சேர்ந்தது? ‘தவறு செய்துவிட்டோம்’ என்று எழுதினால் ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதத்தான் கை நடுங்குகிறது.

சாக்ரடீஸ் கேட்காத மன்னிப்பு

குடும்பத்தின் மூத்தவர் ‘அபாலஜி’. இன்று இதற்கு மன்னிப்புக் கோருதல் என்று பொருள். ஆனால் இதன் மூலமான கிரேக்கச் சொல் ‘அபொலொகியா’வுக்குத் தற்காப்பு உரை என்று பொருள். வழக்கு மன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைப்பது. கிமு 399இல் ஏதென்ஸ் நகரில் சாக்ரடீஸ் விசாரிக்கப்பட்டபோது பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலின் பெயர் ‘அபாலஜி’. அந்த நூலில் சாக்ரடீஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. தான் செய்தது சரி என்று வாதாடுகிறார்.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் இந்தச் சொல் தற்காப்பு என்ற பொருளில்தான் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தவறை ஒப்புக்கொண்டு வருந்துவது என்ற பொருள் ஏறியது. ‘அபாலஜி’ சொல்ல வந்தவர் பாதி வழியில் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், சொல் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்றைய வழக்கில் வேறுபாடு இதுதான். ‘சாரி’ என் மனத்தைப் பற்றியது. ‘அபாலஜி’ என் செயலைப் பற்றியது. ஒரு தவறும் செய்யாமல் சாரி சொல்லலாம். தவறு செய்யாதவர் அபாலஜி சொன்னால் பொருந்தாது. மறுபக்கமும் உண்டு. மனத்தில் துளியும் வருத்தமில்லாமல் அபாலஜி கடிதம் எழுதலாம். வழக்கறிஞர் எழுதிக் கொடுப்பார், நிறுவனம் கையெழுத்துப் போடும். ஆனால் உண்மையிலேயே நொந்துபோய்ச் சொல்லும் ‘சாரி’யில் இருக்கும் சூடு அதில் இருக்காது. அதனால்தான் பெரிய தவறுகளுக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

11 நாளும் 11 ஆண்டும்

இவையெல்லாம் சொல் விளையாட்டு என்று தோன்றினால், நாடுகள் இந்தச் சொற்களுக்காக எப்படி மல்லுக்கட்டின என்று பாருங்கள்.

2001 ஏப்ரல் 1ஆம் தேதி, தென்சீனக் கடலுக்கு மேலே அமெரிக்க வேவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி மாண்டார். அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரைச் சீனா பிடித்து வைத்தது. சீனா கேட்டது ‘தாவ்சியென்’, அதாவது தவறை ஒப்புக்கொள்ளும் மன்னிப்பு. அமெரிக்கா முதலில் தர முன்வந்தது ‘ரிக்ரெட்’. இழுபறிக்குப் பிறகு ஒரு கடிதம் போனது. அதில் ‘வெரி சாரி’ என்று இரண்டு இடங்களில் இருந்தது. ‘அபாலஜி’ என்ற சொல் இல்லை. விமானியின் மறைவுக்கு வருந்துகிறோம் என்றுதான் சொன்னோம், மன்னிப்புக் கேட்கவில்லை என்றது அமெரிக்கா. சீன ஊடகங்களோ அதை மன்னிப்பின் சாயலுள்ள சீனச் சொல்லால் பெயர்த்துத் தம் மக்களுக்குச் சொன்னன. இரண்டு தரப்புக்கும் முகம் பிழைத்தது. 24 பேரும் 11 நாள் கழித்து வீடு திரும்பினர். ‘சாரி’க்கு இரண்டு பொருள் இருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

ஆஸ்திரேலியாவில் அது நல்லதாகப் போகவில்லை. அங்கே ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றார்கள். அதுபற்றிய விசாரணை அறிக்கை 1997இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது அது. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானத்தில் ஆழ்ந்த, உண்மையான ‘ரிக்ரெட்’ இருந்தது. ‘சாரி’ இல்லை. முந்திய தலைமுறைகள் செய்ததற்கு இன்றைய மக்கள் பொறுப்பேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

2008 பிப்ரவரி 13ஆம் தேதி புதிய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து ‘அபாலஜைஸ்’ என்ற சொல்லையும் ‘சாரி’ என்ற சொல்லையும் ஒன்றாகவே சொன்னார். செயலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. அறிக்கை வந்து ஏறக்குறைய 11 ஆண்டு ஆகியிருந்தது. பார்வையாளர் மாடத்தில் இருந்த முதியவர்கள் அழுதார்கள். துக்கத்தையே ‘சாரி’ என்று சொல்லும் மக்களுக்கு அந்தச் சொல் வராமல் போனது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரியும். இழப்பீடு பற்றிய பேச்சு பிறகும் நீண்டது. கூட்டரசின் நேரடி ஆட்சியில் இருந்த பகுதிகளில் பிரித்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலர் வழங்கும் திட்டம் 2021இல்தான் அறிவிக்கப்பட்டது.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன சயாம் மரண ரயில், 415 கிலோமீட்டர். ஜப்பானியர் அதைக் கட்டியது 1942, 1943ஆம் ஆண்டுகளில். போர் முடிந்து 50 ஆண்டு நிறைந்த 1995 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பானியப் பிரதமர் முராயாமா ஓர் அறிக்கை வாசித்தார். ஆசிய நாட்டு மக்களுக்கு ஜப்பான் இழைத்த பெருந்துன்பத்துக்காக அதில் இரண்டு சொற்களை அடுத்தடுத்து வைத்தார். ஒன்று ‘ஹன்செய்’, தன்னைத் தானே திரும்பிப் பார்த்து நொந்துகொள்வது. மற்றொன்று ‘ஒவாபி’, மன்னிப்பு. ‘ஹன்செய்’ மட்டும் இருந்தால் அது வருத்தம். ‘ஒவாபி’யும் சேர்ந்ததால்தான் அந்த அறிக்கை இன்றும் பேசப்படுகிறது. தாத்தாவை அந்த ரயில் பாதையில் இழந்த குடும்பங்களுக்கு இது வெறும் அகராதி வேறுபாடு அன்று.

வாயைக் கட்டும் பயம்

தனி மனிதர்களும் நிறுவனங்களும் இந்தச் சொற்களுக்கு ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? முதல் காரணம் பயம். ‘மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நாளைக்கு வழக்குப் போட்டால் அதுவே சாட்சியாகும்’ என்ற பயம். சாலையில் இரண்டு வாகனங்கள் உரசிக்கொண்டால் ‘சாரி என்று மட்டும் சொல்லிவிடாதே’ என்று நண்பர்கள் அறிவுரை சொல்வது இதனால்தான்.

இந்தப் பயம் மனிதர்களை மனிதர்களாக இருக்கவிடாமல் தடுக்கிறது என்று உணர்ந்த சில நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மன்னிப்புக் கேட்டது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. தமிழர்கள் நிறைந்து வாழும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலம் 2009இல் மன்னிப்புச் சட்டம் இயற்றியது. ஆசியாவில் முதலாவதாக ஹாங்காங்கில் அத்தகைய சட்டம் 2017 டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது.

அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? அங்கேதான் சொற்களைப் பிரித்தறிவது கைகொடுக்கிறது. விபத்து நடந்த இடத்தில் யார் பக்கம் தவறு என்பது உடனே தெரியாது. ஆனால் எதிரில் இருப்பவருக்கு வலிக்கிறது என்பது தெரியும். ‘அடி பட்டுச்சா? உட்காருங்க, தண்ணி குடிங்க’ என்று சொல்ல எந்த வழக்கறிஞரையும் கேட்க வேண்டியதில்லை. வருத்தத்தைச் சொல்வது வேறு, குற்றத்தை ஏற்பது வேறு என்று தெரிந்தவர், முதலாவதைத் தயங்காமல் செய்வார். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர் இரண்டையுமே செய்யாமல் கதவை மூடிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருப்பார்.

சொல்வதா, கேட்பதா?

இப்போது தமிழுக்கு வருவோம். சாரியைச் ‘சொல்கிறோம்’. மன்னிப்பைக் ‘கேட்கிறோம்’. மலாயிலும் ‘மின்தா மாஃப்’, மன்னிப்பைக் கேட்பதுதான். இந்த வினைச்சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. சொல்வது சொன்னவுடன் முடிந்துவிடும். கேட்பது அப்படி முடியாது. கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மறுமொழி மற்றவர் கையில் இருக்கிறது. அவர் தரலாம், தாமதிக்கலாம், தராமலும் போகலாம். ‘சாரி சொல்லிட்டேனே’ என்று கோபப்படுபவர் சொன்னதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார். கேட்டிருந்தால் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளில் ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்று பெரியவர்களின் கையைப் பற்றிக் கேட்பதைப் பார்த்திருக்கிறோம். வெளிப்படையாகவும் உள்ளத்தாலும் செய்த பிழைகளை மன்னியுங்கள் என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறையாவது வாய்விட்டுக் கேட்க ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். தெரியாமல் செய்தவற்றுக்கும் சேர்த்துத்தான்.

தமிழில் மன்னிப்புக்கு இன்னொரு சொல்லும் உண்டு. ‘பொறு’. ‘கொஞ்சம் பொறு’ என்றால் காத்திரு. ‘வலி பொறுக்க முடியவில்லை’ என்றால் தாங்க முடியவில்லை. ‘என் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றால் மன்னியுங்கள். காத்திருப்பதும் தாங்குவதும் மன்னிப்பதும் நமக்கு ஒரே வினை. திருக்குறளின் 16ஆம் அதிகாரத்துக்குப் பொறையுடைமை என்று பெயர். பிறர் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வது பற்றியது. பொறை என்றால் சுமை என்றும் பொருள்.

அதே வேரிலிருந்து வந்த மற்றொரு சொல் ‘பொறுப்பு’. சுமையைத் தான் ஏற்பது. ஆகவே ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருவரிடம் கேட்கும்போது, என் தவற்றின் சுமையில் ஒரு பகுதியை நீங்கள் தாங்குங்கள் என்று கேட்கிறோம். அப்படிக் கேட்பவர் மறுபகுதியைத் தான் தூக்க வேண்டாமா? பொறுப்பு ஏற்காமல் பொறுக்கச் சொல்வது, முழு மூட்டையையும் அடுத்தவர் தலையில் வைப்பது.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லெவிக்கியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒத்துப்போகிறது. 755 பேரிடம் இரண்டு கட்டமாக நடத்திய ஆய்வு அது. ஒரு முழுமையான மன்னிப்பில் ஆறு பகுதிகள் உண்டு என்றார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, சரிசெய்து தருவது, மன்னிக்கும்படி வேண்டுவது. இவற்றில் கேட்பவர் மனத்தில் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஏற்பது. அடுத்தது, சரிசெய்து தருவது. கடைசி இடம் எதற்கு தெரியுமா? ‘என்னை மன்னித்துவிடுங்கள்’ என்ற வேண்டுகோளுக்கு. தன் பங்கைச் சுமக்காதவர் வைக்கும் வேண்டுகோள் காதில் ஏறுவதில்லை.

‘ஆனால்’, ‘இருந்தால்’

சரியான சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் அதைக் கெடுக்க இரண்டு சிறிய சொற்கள் போதும். முதலாவது ‘ஆனால்’. ‘சாரி, ஆனா நீயும்தான் அன்னைக்கு…’ என்று தொடங்கினால் முன்னால் சொன்னது அழிந்துவிட்டது. பழைய கிரேக்கத் தற்காப்பு உரை வந்துவிட்டது. இரண்டாவது ‘இருந்தால்’. ‘என் பேச்சு யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.’ மேடைப் பேச்சாளர்களும் அரசியல்வாதிகளும் நடிகர்களும் விடும் அறிக்கைகளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்போம்! புண்பட்டவர் எதிரிலேயே நிற்கிறார். அப்புறம் என்ன ‘இருந்தால்’? தவறு பேசியவரிடம் இல்லை, கேட்டவரின் மெல்லிய மனத்தில்தான் இருக்கிறது என்று மறைமுகமாகச் சொல்லும் வாக்கியம் அது.

வேலையிடத்தில் இப்படி வைத்துக்கொள்ளலாம். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு, ‘ரிக்ரெட்’ அல்லது வருத்தம். சிறிய தாமதத்துக்கு, ஒரு ‘சாரி’. உங்கள் தவற்றால் வாடிக்கையாளருக்குப் பணமோ நேரமோ நட்டமானால், ‘அபாலஜி’. அதோடு மூன்று வாக்கியம்: என்ன தவறு செய்தோம், என்ன செய்து சரிப்படுத்துகிறோம், எப்போது முடிப்போம். ‘எனி இன்கன்வீனியன்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், ‘உங்கள் பொருள் நான்கு நாள் தாமதமானதற்கு’ என்று எழுதிப் பாருங்கள். நிலவரம் தெரிந்தவர் எழுதியிருக்கிறார் என்று படிப்பவருக்குத் தெரியும்.

சின்னச் சின்னதுக்கெல்லாம் சாரி சொல்லும் பழக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் கேள்வி கேட்பதற்கு முன் சாரி, கருத்துச் சொல்வதற்கு முன் சாரி என்று தொடங்கும் இளையவர்கள் இருக்கிறார்கள். கேள்வி கேட்பது குற்றமில்லை. அங்கே ‘ஒரு சந்தேகம்’ என்று தொடங்கினால் போதும். தாமதமாக வந்தவர் ‘காத்திருந்ததற்கு நன்றி’ என்று சொல்வதும் பல நேரங்களில் சாரியைவிட நன்றாக இருக்கும்.

வீடு வேறு. நம் பெற்றோர் தலைமுறை சொல்லால் மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள் அல்லர். காலையில் பிள்ளையைத் திட்டிய அம்மா இரவில் பிடித்த குழம்பு வைப்பார். கோபத்தில் கத்திய அப்பா மறுநாள் எதுவும் நடக்காததுபோல் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பார். அது மன்னிப்புத்தான் என்று நமக்குப் புரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் சொன்ன ‘சரிசெய்து தருவது’ அதுவே. ஆனால் எதற்காக என்று வாயால் சொல்லப்படாததால், சில காயங்கள் பேசப்படாமலே 30, 40 ஆண்டு கிடக்கின்றன.

நம் பிள்ளைகளுக்கு நேர்மாறான சிக்கல். சொல் தாராளமாக இருக்கிறது. தம்பியை அடித்தவனை இழுத்து வந்து ‘சாரி சொல்லு’ என்கிறோம். அவன் சுவரைப் பார்த்துச் ‘சாரி’ என்கிறான். வழக்கு முடிந்தது. பள்ளியில் பிள்ளைகள் ‘சாரி நோ கியூர்’ என்று கேலி பேசுவது சும்மா இல்லை. அந்த வெற்றுச் சொல்லுக்கு மருந்துக்குணம் இல்லை என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ‘என்ன செஞ்சே? தம்பிக்கு எங்கே வலிக்குது? இப்ப நீ என்ன செய்யப் போறே?’ என்று மூன்று கேள்வி கேட்டால், அவன் ஐஸ் கட்டி எடுத்து வர ஓடக்கூடும். பொறுப்பு என்றால் என்ன என்று அகராதி பார்க்காமலே தெரிந்துகொள்வான்.

பிள்ளையிடம் நாம் மன்னிப்புக் கேட்கும் நாளும் வரும். விசாரிக்காமல் திட்டிவிட்டோம், பிறகு அவள் சொன்னதுதான் உண்மை என்று தெரிகிறது. அப்போது ஓர் ஐஸ்கிரீமோடு நிறுத்திவிடாதீர்கள். ‘உன்னைக் கேட்காமலே திட்டினேன். அது என் தப்பு’ என்று வாயால் சொல்லுங்கள். பெற்றோரின் மதிப்பு அதனால் இறங்கிவிடாது. தவறு செய்தால் எப்படி நிமிர்ந்து நின்று ஒப்புக்கொள்வது என்பதை அவள் வேறு யாரிடமிருந்து கற்றுக்கொள்ளப் போகிறாள்?

‘சாரி’யை நம் பேச்சிலிருந்து துரத்த வேண்டியதில்லை. பேருந்தில் கால் மிதிபட்டால் அதைவிட விரைவான சொல் கிடையாது. அடுத்தவர் துக்கத்தைக் கேட்டு நாமும் நொந்தோம் என்பதைச் சொல்லவும் அது நல்ல சொல்தான். ஆனால் தவறு நம்முடையது என்றால், சொல்வதோடு நிறுத்தாமல் கேட்போம். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுப்போம்.

அடுத்த வாரம் இன்னொரு சொல்லோடு சந்திப்போம்.